எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: லியோனா, ரெயூனியனா?

ரோஸ் பெல்லிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில், ரெதுயியில், மேனேஜ்மென்ட் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டில் ஒரு செமஸ்டரைப் பிரான்சின் லியோன் நகரத்திலோ, பக்கத்துத் தீவான ரெயூனியனிலோ படித்துவிட்டு வரலாம் என்று துறையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் நடுத்தரம். அப்பா பஸ் ஓட்டுகிறார். மகளைத் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம். "நான் விண்ணப்பிக்கலாமா அக்கா? கடிதத்தில் என்ன எழுதுவது? ஒரு வருடம் வீணாகிவிடுமா?"

விண்ணப்பி அம்மா. தயங்காதே. ஆனால் நீ கடைசியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊர், என்ன கடிதம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அங்கே படித்த படிப்பு இங்கே செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் ஆண்டில் நான் பிரான்சுக்குப் போனபோது ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து, துறையில் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், போதிய மாணவர் சேரவில்லை என்று சர்வதேச வணிகப் பாடத்தை ரத்து செய்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக லாஜிஸ்டிக்ஸ் வகுப்பில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தேன், நன்றாகவே படித்தேன், 20க்கு 14 வாங்கினேன். பாடம் மாறியதை ஊருக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. திரும்பி வந்து மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது, "கையெழுத்துப் போட்ட தாளில் இந்தப் பாடம் இல்லையே" என்றார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கினேன். கடைசியில் அந்த ஒரு பாடத்துக்காக அடுத்த ஆண்டும் கல்லூரிக்குப் போனேன். என் தோழிகள் பட்டம் வாங்கிய மேடையில் நான் இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் என்னிடம் விண்ணப்பத்தோடு வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் பாடப் பட்டியலைக் கேட்கிறேன்.

அந்தத் தாளுக்கு லேர்னிங் அக்ரிமென்ட் என்று பெயர். ஒரு பக்கம் அங்கே நீ படிக்கப்போகும் பாடங்கள், மறுபக்கம் அதற்கு ஈடாக இங்கே உனக்குக் கழிக்கப்படும் பாடங்கள். நீ, இங்குள்ள துறை, அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸின் படிவத்தில், போன பிறகு செய்யும் மாற்றங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அப்படி ஒரு பகுதி இருப்பதே பாடங்கள் அடிக்கடி மாறும் என்பதால்தான். மாறிய அன்றே அதை நிரப்பி, மூன்று கையெழுத்தும் மறுபடி வாங்கிவிடு. கையெழுத்து வரும்வரை மின்னஞ்சலில் "சம்மதம்" என்ற ஒரு சொல்லாவது உன்னிடம் இருக்கட்டும்.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரின் முழுச் சுமை, ஈசிடிஎஸ் என்ற ஐரோப்பியப் பொது அளவில் 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடத்துக்கு நீ குறைந்தது 125 மணி நேரம் உட்கார வேண்டும். பாடத்தின் பெயரை மட்டும் நம்பாதே. "மார்க்கெட்டிங்" என்று இரண்டு இடத்திலும் பெயர் இருக்கும், இங்கே அது மூன்றாம் ஆண்டுப் பாடமாகவும் அங்கே முதலாண்டு அறிமுகமாகவும் இருக்கும். அங்குள்ள பாடத்தின் சிலபஸை இறக்கி, இங்குள்ள சிலபஸைப் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகிற தலைப்புகளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு துறைக்குப் போ. கோடு போட்ட தாளோடு வருகிற மாணவியிடம் எந்த ஆசிரியரும் "அப்புறம் வா" என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

எதை அங்கே படிக்கலாம், எதை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வரி, கம்பெனிச் சட்டம், தணிக்கை மூன்றையும் இங்கேயே படி. அவை அந்தந்த நாட்டு மண்ணில் வேர்விட்ட பாடங்கள். பிரெஞ்சு வரிச் சட்டத்தைக் கற்றுக்கொண்டு போர்ட் லூயிஸில் கணக்கு எழுத முடியாது. நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டம் முடித்ததும் ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில் தேர்வை எழுதாத வணிக மாணவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டத்தைப் பொறுத்து அதில் 9 தாள்கள் வரை விலக்கு கிடைக்கிறது. அந்த விலக்கு, உன் பல்கலைக்கழகத்தில் நீ படித்த குறிப்பிட்ட பாடங்களைப் பார்த்துத் தரப்படுவது. விலக்குத் தரும் பாடம் ஒன்றை வெளிநாட்டுப் பாடத்தால் ஈடுகட்டினால், பிறகு ஒரு தாளைப் பணம் கட்டி எழுத நேரலாம். ஆகையால் மார்க்கெட்டிங், சர்வதேச வணிகம், லாஜிஸ்டிக்ஸ், பல்வேறு நாட்டவரோடு சேர்ந்து வேலை செய்யும் மேலாண்மை போன்றவற்றை அங்கே எடுத்துக்கொள். அவை அங்கே படித்தால்தான் சிறக்கும். ஒரே குழு வேலையில் ஒரு பிரேசில் மாணவன், ஒரு ஜெர்மன் மாணவி, ஒரு மொராக்கோ மாணவன், நீ என்று உட்காரும்போது புத்தகத்தில் இல்லாதது புரியும்.

மதிப்பெண் விஷயத்தையும் புறப்படும் முன்பே தீர்த்துக்கொள். பிரான்சில் 20க்கு 10 தேர்ச்சி. 12 எடுத்தால் பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று என்பது அவர்கள் வழக்கு. 18 என்பதைக் காண்பதே அரிது. இதை அறியாமல் 13ஐ 5ஆல் பெருக்கி நூற்றுக்கு 65 என்று பதிவு செய்தால், நல்ல மாணவிக்குச் சிபிஏ என்ற மொத்தச் சராசரி சரிந்துவிடும். உன் மதிப்பெண் நடுத்தரம் என்கிறாய், உனக்கு இது இன்னும் முக்கியம். எந்த அட்டவணைப்படி மாற்றுவீர்கள், அல்லது தேர்ச்சி என்று மட்டும் குறித்துக்கொண்டு சிபிஏ கணக்கில் சேர்க்காமல் விடுவீர்களா என்று எழுத்தில் கேள்.

இப்போது பணம். நிறைய வீடுகளில் "வெளிநாட்டுப் படிப்பு" என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சு நின்றுவிடுகிறது, நிலத்தை விற்க வேண்டுமோ என்று நினைக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவிக்கு அந்தக் கணக்கே வேறு. இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி போகிறவள் கட்டணத்தைத் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே கட்டுகிறாள், அங்கே கட்டுவதில்லை. நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்தை முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு 2019 முதல் கட்டணம் இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. உன் அப்பாவிடம் இதை முதலில் சொல். மீதி இருப்பது விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு. இது சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகவர்கள் காட்டும் முழுப் பட்டப் படிப்பின் தொகையோடு இதை ஒப்பிடவே கூடாது.

உங்கள் துறையின் ஒப்பந்தம் எந்த வகை என்பதையும் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள். வெறும் இருதரப்பு ஒப்பந்தம் என்றால் கட்டண விலக்கோடு முடிந்தது. எராஸ்மஸ் பிளஸ் நிதியில் நடக்கும் பரிமாற்றம் என்றால், போகும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும், தூரத்தைப் பொறுத்துப் பயணப் பணமும் உண்டு. ஒரே அறிவிப்புப் பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், ஆனால் வாழ்க்கை வேறு. உதவித்தொகையின் பெரும் பகுதி முன்னால் வந்தாலும் முதல் மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, வீட்டுக் காப்பீடு, ஒரு நல்ல குளிர்கோட்டு என்று எல்லாம் ஒரே வாரத்தில் கேட்கும். வாடகைக்கு உத்தரவாதம் தர அங்கே ஆள் இல்லையே என்று கவலைப்படாதே. விசால் என்ற இலவச உத்தரவாதத் திட்டம் மாணவர்களுக்கு இருக்கிறது. அறையைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதே. குரூஸ் என்ற அரசு மாணவர் விடுதிக்கு முதலில் முயற்சி செய், அங்கே இடம் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து கடிதம். ஆண்டுதோறும் நான் படிக்கும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி தொடங்குகின்றன: பிரான்ஸ் பண்பாடு நிறைந்த நாடு, உங்கள் நிறுவனம் புகழ் பெற்றது, எனக்குச் சிறுவயது முதலே கனவு. பெயரை மாற்றிப் போட்டால் எவருடைய கடிதமாகவும் ஆகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த மாணவி இப்படித்தான் முதலில் எழுதினாள். பேசிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா பள்ளிச் சீருடை விற்கும் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கடையில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். ஜனவரியில் பள்ளி திறக்கும், அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் ஆண்டு விற்பனை முழுவதும் முடிந்துவிடும், மீந்த சட்டைகள் அடுத்த ஜனவரி வரை அட்டைப் பெட்டியில் கிடக்கும் என்றாள். கடன் வாங்கிப் போகிறவர்களின் கணக்கை, கார்னே என்று நாம் சொல்லும் அந்த நீள நோட்டில், இவள்தான் எழுதுகிறாள். எந்த அளவுச் சட்டை மீந்துபோகிறது என்று மூன்று வருட கார்னேக்களைப் புரட்டிக் கணக்கெடுத்து, ஒரு வருடம் பெரிய அளவுகளைக் குறைத்து வாங்கச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் கேட்டிருக்கிறார்.

"இதை எழுது" என்றேன். வெட்கப்பட்டாள். கடை விஷயத்தைப் பிரெஞ்சுப் பேராசிரியர் படிப்பாரா என்றாள். எழுதினாள். சரக்கு மேலாண்மைப் பாடத்தை அங்கே ஏன் எடுக்கிறாள் என்பதை அந்த அட்டைப் பெட்டிகளே சொல்லிவிட்டன. தேர்வுக் குழுவில் எல்லாரும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அவளுடைய மதிப்பெண்ணும் நடுத்தரம்தான்.

உன் அப்பா பஸ் ஓட்டுகிறார். காலையில் எந்த நேரத்தில் பஸ் நிறைகிறது, எந்த நேரத்தில் காலியாக ஓடுகிறது, மெட்ரோ வந்த பிறகு அவர் வழித்தடத்தில் என்ன மாறியது என்று அவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? நீ படிக்கிற தேவை, விலை, போட்டி எல்லாம் அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் தினமும் நடக்கிறது. கேட்டுவிட்டுக் கடிதம் எழுது. ஒரு பக்கத்தைத் தாண்டாதே. எந்தப் பாடம், ஏன் அந்தப் பாடம், திரும்பி வந்து அதை வைத்து என்ன செய்வாய் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

நேர்காணலில் உன் தீவைப் பற்றிக் கேட்பார்கள், போன இடத்திலும் கேட்பார்கள். கடற்கரை, டோடோ பறவை என்று நிறுத்திக்கொள்ளாதே, நீ வணிகம் படிக்கிறவள். கரும்பை மட்டும் நம்பியிருந்த நாடு 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து ஆடை தைக்கத் தொடங்கியது, 1990களில் ஃப்ரீபோர்ட் என்ற தீர்வையற்ற துறைமுக மண்டலம், நிதிச் சேவை என்று விரிந்தது, ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உறுதி விலை 2009இல் முடிவுக்கு வந்தது என்பதைக் கோர்வையாகச் சொல்லப் பழகு. "உங்கள் நாடு வரி ஏய்ப்பவர்களின் புகலிடம்தானே" என்று வகுப்பில் ஒருவன் கேட்பான். கோபப்படாதே, மழுப்பவும் செய்யாதே. பண மோசடித் தடுப்பில் குறை கண்டு எஃப்ஏடிஎஃப் அமைப்பு 2020 பிப்ரவரியில் நம்மைக் கூடுதல் கண்காணிப்புக்கான சாம்பல் பட்டியலில் சேர்த்ததையும், 2021 அக்டோபரில் நீக்கியதையும், இடையில் என்ன திருத்தினோம் என்பதையும் அறிந்து வைத்துக்கொள். அந்தப் பதிலைத் தெளிவாகச் சொல்கிற மாணவியை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பிரெஞ்சு நமக்குப் பேச வரும், படிக்க வரும், தொலைக்காட்சியே பிரெஞ்சில்தான். ஆனால் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி வரை பாடங்களை ஆங்கிலத்தில் எழுதியே பழகியவர்கள் நாம். பிரெஞ்சுத் தேர்வுத் தாள் வேறு மாதிரி எழுதப்பட வேண்டும். முன்னுரையில் ஒரு மையக் கேள்வியை எழுப்பி, இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தக் கேள்விக்கே இழுத்துவர வேண்டும். விஷயம் தெரிந்தும் இந்த வடிவம் தெரியாமல் 9 வாங்கியவர்கள் உண்டு. ஆங்கில வழிப் பாடங்கள் இருந்தால் பாதியையாவது அவற்றில் எடு. சான்றிதழ் கேட்டால் பெரும்பாலும் டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வைக் கேட்பார்கள். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. தேர்வு நினைத்த மாதத்தில் நடக்காது, முன்கூட்டியே பதிவு செய்.

விண்ணப்பம் இரண்டு கட்டம். இங்கே உன்னைத் தேர்ந்தெடுத்து உன் பெயரை அனுப்புவது முதல் கட்டம். அதன் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் உனக்கு இணைப்பு அனுப்பும், நீயே அவர்கள் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்து இரண்டாம் கட்டத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல் சில சமயம் வேண்டாத அஞ்சல்களோடு போய் ஒளிந்துகொள்ளும், தினமும் பார்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை இந்தத் தீவின் பதிவேடுகளில் ஏழெட்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, எச்எஸ்சி சான்றிதழில் வேறோர் எழுத்து, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. நமக்கு எல்லாம் ஒன்றுதான், விசா அதிகாரிக்கு மூன்று ஆட்கள். இன்றே மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியப் பத்திரத்தை விசாவுக்கு அலையும் மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்.

விசாவில் பலர் ஏமாறுவது இங்கேதான். மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் என்ற பொது எல்லை கொண்ட ஐரோப்பிய நாடுகளில் 2009 முதல் விசா வேண்டாம், உண்மைதான். ஆனால் அது 180 நாளில் 90 நாளுக்கு மட்டும். ஒரு செமஸ்டர் நான்கு ஐந்து மாதம். மாணவர் நீண்டகால விசா இல்லாமல் போகவே போகாதே, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதே. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட பிறகும், வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்சின் தளத்தில் "நான் ஏற்கப்பட்டிருக்கிறேன்" என்ற பகுதியில் கோப்பு தொடங்கி, அதன் பிறகுதான் விசாவுக்குப் போக வேண்டும். மாதம் 615 யூரோ வீதம் செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்டச் சொல்வது பல ஆண்டுப் பழக்கம். அப்பாவின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, உதவித்தொகைக் கடிதம் எல்லாம் அதற்குத்தான். கணக்கில் திடீரென்று ஒரே நாளில் பெருந்தொகை போட்டுக் காட்டுவதைவிட, சிறிது சிறிதாகச் சேர்ந்த பணத்துக்கு மதிப்பு அதிகம். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்யவும் மறக்காதே.

ரெயூனியன் என்றாலும் இதே கதைதான். முக்கால் மணி நேரப் பறப்பு, அதே கடிகார நேரம், தேர் இழுக்கும் கோயில்கள், நம் முகங்கள். அதனால் வெளிநாடு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அது பிரான்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி, நாணயம் யூரோ. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. லியோனுக்கான விசாவும் ரெயூனியனுக்கான விசாவும் ஒன்றல்ல, ஒட்டிய பக்கத்தில் எந்த நிலப்பகுதி என்று எழுதியிருக்கும். வாங்கிய அன்றே படித்துப் பார்.

இரண்டில் எது என்று கேட்டால், உதவித்தொகை கிடைத்தால் லியோன். கிடைக்காவிட்டால் தயங்காமல் ரெயூனியன். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அந்தத் தீவின் தலைநகரான செயிந்தெனியில் மூஃபியா வளாகத்தில் படித்த பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்து முறையை நன்றாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாளைக்கு நீ வேலை செய்யப்போகும் கம்பெனிகளில் பலவற்றுக்கு ரெயூனியனே சந்தை. டிக்கெட் செலவும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் உணவும் வாடகையும் அங்கே மலிவு என்று எண்ணிவிடாதே. பெரும்பாலான சரக்கு பிரான்சிலிருந்து கப்பலில் வருகிறது, விலையில் அது தெரியும்.

அம்மாவின் பயத்துக்கு நான் பேச்சால் பதில் சொல்ல முடியாது. போய் வந்த இரண்டு மூன்று மாணவிகளை வீட்டுக்கு அழை, அம்மாவோடு தனியே பேசவிடு, நீ அறையை விட்டு வெளியே போ. அம்மாக்கள் கேட்க நினைப்பது மகள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள். விடுதி அறை பெரும்பாலும் 9 சதுர மீட்டர்தான் என்றும், சமையலறை பொதுவானது என்றும், இரவு பத்து மணிக்கு டிராம் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்லட்டும்.

பெட்டி கட்டும் நாளில் அம்மா நிச்சயம் நெய் டப்பாவையும் ஒரு கட்டுக் கறிபுலேயையும், அதாவது கறிவேப்பிலையையும், வைப்பார். பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது, பச்சை இலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், ரெயூனியனிலும் அப்படியே. விமான நிலையத்தில் அதைக் குப்பையில் போடும்போது உனக்கு அழுகை வரும். இலையை நிழலில் காயவைத்து, மிளகாயும் பருப்பும் சேர்த்துப் பொடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துத் தரச் சொல். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாட்டில் சரியாக இருக்கும்.